முதலில் ஊரைப் பார்

சேவைக்காக வெளிநாடு கிளம்பும் தம்பி தங்கைகளே, போனவுடனே மண்வெட்டியைத் தூக்காதீங்க. அந்த ஊர் எப்படி நடக்குதுன்னு முதலில் பாருங்க.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேப்பாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தனர். பிறகு அங்கே ஒரு மலைக்கிராமத்துக்கு எங்கள் குழு சென்றது. அந்தப் பக்கம் 'பர்மா' என்றொரு வழக்கம் உண்டு (நாட்டைச் சொல்லல!). இன்று உன் வயலில் நான் உழைத்தால், நாளை என் வயலில் நீ உழைக்கணும், கூலி கிடையாது. நம்ம கோத்தோங்-ரோயோங் மாதிரிதான், ஆனா கணக்கு கறார்.

இடிந்த வீடுகளின் கல்லை அகற்றுவதும் அப்படியே நடந்தது. யார் வீடு முதலில் என்று ஊரே முடிவு செய்திருந்தது: தனியாக இருந்த ஒரு பாட்டியின் வீடு. வரிசையின் கடைசியில் நின்று நாங்களும் கல் கைமாற்றினோம். எங்கள் உழைப்பையும் கணக்கில் சேர்த்தார்கள்; பதிலுக்குத் தினமும் இரண்டு வேளை சோறும் பருப்பும். வேண்டாம்னு சொன்னா பாட்டி விடல.