"கோர்ட்டே சொல்லிடுச்சு" என்ற பொய்

அபர்தீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை. புயல் எச்சரிக்கைக்காக இரண்டு நாள் கடையை மூடினார்கள்; அந்த இரண்டு நாள் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள். மனு எழுதித் தரச் சொல்லி அங்கே வேலை பார்க்கும் ஒரு தங்கை வந்தாள். மேனேஜரிடம் கேட்டாயா என்றேன். "கேட்டேன் அண்ணே. கொரோனா டைம்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கடை மூடினா சம்பளம் கிடையாதுன்னுட்டாரு."

இதே பேச்சை ஹாடோவில் கேட்டிருக்கிறேன், ஜங்லிகாட்டில் கேட்டிருக்கிறேன். ஹேவ்லாக் ரிசார்ட்டுகளில் வேலை பார்க்கும் பையன்கள் வேதவாக்குப் போலச் சொல்கிறார்கள். போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும் இந்தப் பேச்சு மாறவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது.

நடந்ததைக் கேளுங்கள். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஓர் ஆணை போட்டது. ஊரடங்கால் மூடிக்கிடக்கும் நாட்களுக்கும் சம்பளத்தை உரிய தேதியில், பிடித்தம் எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைக்கு மட்டுமான ஆணை என்று நினைக்க வேண்டாம். கடைகளும் வணிக நிறுவனங்களும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தன. மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச் 29 முதல் மே 17 வரை விரல் விட்டு எண்ணுங்கள்: 50 நாள்.

முதலாளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஃபைகஸ் பேக்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் அறியப்படும் வழக்கு அது. நீதிபதிகள் அசோக் பூஷண், எஸ்.கே. கவுல், எம்.ஆர். ஷா அமர்வு ஜூன் 12 அன்று கொடுத்தது இடைக்கால உத்தரவு. ஆணையை அது ரத்து செய்யவில்லை. சம்பளம் தராத முதலாளி மேல் இப்போதைக்குக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. அந்த 50 நாள் சம்பளம் பற்றி இரு தரப்பும் உட்கார்ந்து பேசட்டும், பேசித் தீராவிட்டால் தொழிலாளர் துறையிடம் போகட்டும் என்றது. தொழிலாளிக்கு இது போதவே போதாது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் "பேசித் தீர்த்துக்கொள்" என்பதைக் "கொடுக்காதே" என்று யார் மொழிபெயர்த்தது? கொடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லையென்றால் எதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்?

அதுவும் அந்த 50 நாளுக்கு. இன்றைக்கு வரும் புயலுக்கும், கப்பல் வராத வாரத்துக்கும் அந்த உத்தரவை நீட்டிப் பிடிப்பது சுத்தமான ஏமாற்று. மேனேஜர் தன் லாபத்துக்குச் சொல்கிறார், புரிகிறது. நம் ஆட்களே ஒரு வரிகூடப் படிக்காமல் வாட்ஸப்பில் தள்ளிவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். கொரோனாவோடு 12 மணி நேர வேலை சட்டமாகிவிட்டதாம். இரட்டிப்பு ஓவர்டைம் இல்லாமல் 12 மணி நேரம் வேலை வாங்க குஜராத் போட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்து, ஓவர்டைம் பாக்கியையும் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஏன் எந்த மேனேஜரும் சொல்வதில்லை? பி.எஃப்.-இல் எடுத்த கொரோனா முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். தொற்று வந்தால் மருத்துவச் சான்று இல்லாமலே 20 நாள் வரை விடுப்பு என்ற 2021 ஜூன் 7 உத்தரவு மத்திய அரசு ஊழியருக்கானது. தனியார் கடையில் அதைக் காட்டிப் பயனில்லை. நிறுத்திவைத்த 18 மாத டி.ஏ. அரியர் அடுத்த மாதம் வருகிறது என்ற செய்தியை இனி எனக்கு அனுப்பாதீர்கள். தர முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே பலமுறை சொல்லிவிட்டது.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தொழிலாளர் அதிகாரி முன்னால் நான் துணைக்கு உட்கார்ந்த பேச்சுவார்த்தைகளில் முதலாளி பக்கம் வருகைப் பதிவேடு இருக்கும், நம் ஆள் பக்கம் கண்ணீர் இருக்கும். அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் நோட்டு போடு, நோட்டு போடு என்கிறேன். பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், கைக்கு வந்த பணம். சம்பளச் சீட்டு கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. தராவிட்டால், கேட்ட தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

நம்மால் என்ன முடியும் என்று இந்தத் தீவில் யாரும் சொல்லக் கூடாது. நிர்வாகத்தின் கீழ் வேலை பார்க்கும் தினக்கூலி மஸ்தூர்கள் சம்பள உயர்வுக்காக வழக்கு நடத்தினார்கள். உத்தரவு நிறைவேறவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2023 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்தது, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, உண்மை. ஆனாலும் மண்வெட்டி பிடித்த கைகள் வழக்கை அதுவரை கொண்டுபோயின.

ஜவுளிக்கடைத் தங்கைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். இணைக்க அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மறுவாரம் என்றாள்.