இரங்கலும் இரக்கமும்

பிறந்தவர் யாவரும் ஒருநாள் இறப்பர் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. பள்ளிக் காலத்துக் கட்டுரைகளிலேயே இதனை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆயினும், அந்த ஒருநாள் நம் வீட்டு வாசலுக்கு வரும்பொழுது, அறிந்து வைத்திருந்தது எதுவும் கைகொடுப்பதில்லை. இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் என் அப்பா இறந்தபோது நான் கண்டுகொண்ட முதல் உண்மை இதுதான். இழப்பை எவ்வாறு தாங்குவது, இழந்தவருக்கு எவ்வாறு துணை நிற்பது என்னும் இரண்டு கேள்விகளை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன். இவை இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது என் கருத்து.

ஒரு சொல், இரு பொருள்

நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். 'இரங்கு' என்னும் வினைச்சொல்லுக்கு வருந்திப் புலம்புதல் என்றும், மனம் இளகிப் பரிவு கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. முதற்பொருளில் 'இரங்கல்' பிறந்தது. இரண்டாவது பொருளில் 'இரக்கம்' பிறந்தது. துயரப்படுவதற்கும் பிறர் துயரை உணர்வதற்கும் நம் முன்னோர் ஒரே வேரை வைத்திருக்கிறார்கள்.

அகப்பொருள் இலக்கணத்தில் ஐந்து திணைகளுக்கும் உரிப்பொருள் உண்டு என்பதைப் படித்திருக்கிறோம். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்திற்கு ஊடல், பாலைக்குப் பிரிதல். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரியது இரங்கல். கடலுக்குப் போனவர் திரும்புவாரோ மாட்டாரோ என்று கரையில் காத்திருப்பவரின் நிலை அது. நான்கு புறமும் கடல் சூழ்ந்த பினாங்குத் தீவில் இருந்துகொண்டு இதனைப் படிக்கும்போது, இலக்கணம் வெறும் இலக்கணமாக எனக்குத் தோன்றவில்லை.

பினாங்கு கண்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

1988ஆம் ஆண்டு ஜூலை 31. ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவும், தீவில் சீனர்கள் கொண்டாடிய குவான் யின் விழாவும் ஒரே நேரத்தில் அமைந்ததால், பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில் மக்கள் வெள்ளம். பயணிகள் காத்து நின்ற மேல்தளம் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். மலேசிய நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்னர் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற்குப் பிறகே ஆழிப்பேரலை பினாங்கை எட்டியது. எச்சரிக்கும் ஏற்பாடு அன்று இல்லாததால், அந்த நான்கு மணி நேரமும் வீணாயிற்று. பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், தஞ்சோங் பூங்கா, பாலிக் புலாவ் வட்டாரக் கடற்கரைகளில் விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்களும் மீனவர்களும் அலையில் சிக்கினர். நாட்டில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த இடங்களில் மாண்டவர்கள். அதே அலைதான் நாகப்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஆயிரம் ஆயிரமாய் உயிர்களைக் கொண்டு போனது.

இவற்றை நான் எண்களாக எழுதிவிட்டேன். ஆனால் 32 என்பது 32 வீடுகள். 52 என்பது 52 வெற்று நாற்காலிகள்.

அப்பா சொன்ன கதை

1988இல் என் அப்பாவுக்கு 22 வயது. பட்டர்வொர்த்தில் வேலை. அன்று அவரும் அந்தப் படகுத்துறையில்தான் இருந்தார். நான் சிறுமியாக இருந்தபோது, தீவுக்குப் போக அங்கு வரும்போதெல்லாம் அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். வலிக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார். ஏன் என்று அப்போது தெரியாது. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளன்றுதான் சொன்னார்.

"ஓர் அம்மா பிள்ளையைக் காணாம அலறிக்கிட்டு நின்னாங்கமா. என் கையைப் பிடிச்சாங்க, விடவே இல்ல. இருட்டுற வரைக்கும் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யாரோ சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. எனக்கு என்ன சொல்லத் தெரியும்? சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அந்தப் பிள்ளை கிடைத்ததா என்பது அப்பாவுக்குத் தெரியாது. தாம் ஒன்றும் செய்யவில்லை என்ற குறை கடைசி வரைக்கும் அவருக்கு இருந்தது.

அறிஞர்கள் கூறுவது

இழப்புத் துயரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதிய நூலையே முதலில் குறிப்பிடுவர். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளை அவர் கூறினார். ஆனால், அவர் கண்டு எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளின் மனநிலையை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துயரம் படிக்கட்டு அன்று; ஒன்றன்பின் ஒன்றாக ஏறி முடித்துவிட முடியாது.

வில்லியம் வோர்டன் இதனை வேறு விதமாகப் பார்த்தார். இழந்தவருக்கு நான்கு பணிகள் உள்ளன என்றார். இழப்பு உண்மை என்று ஏற்பது, வலியை உணர்ந்து கடப்பது, அவர் இல்லாத உலகில் வாழப் பழகுவது, அவரோடு உள்ள உறவை மனத்தில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு வாழ்வைத் தொடர்வது ஆகியவையே அவை.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகிய இருவரும் கூறியது எனக்கு மிகவும் ஆறுதல் அளித்தது. துயரப்படுபவர் ஒரு நேரம் இழப்பை நோக்கியும், ஒரு நேரம் அன்றாட வாழ்வை நோக்கியும் ஊஞ்சல்போல் அசைந்துகொண்டிருப்பார். அந்த அசைவே இயல்பானது என்றனர். அப்பாவின் கருமக்கிரியை முடிந்த மறுநாள், தொலைக்காட்சியில் ஏதோ நகைச்சுவையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். சிரித்த குற்ற உணர்ச்சியில் இரவெல்லாம் அழுதேன். அது துரோகம் அன்று, ஊஞ்சலின் மறுபக்கம் என்று பின்னர்தான் விளங்கியது.

நம் வழக்கங்கள் இதனையெல்லாம் முன்பே அறிந்திருந்தனபோல் தோன்றுகிறது. ஒப்பாரி வலியை வெளியே கொண்டு வருகிறது. சாவு வீட்டில் அடுப்பு எரியாதபோது அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு வருகிறார்கள். பதினாறாம் நாள் கருமக்கிரியை, இனி வாழ்வைப் பார் என்று சொல்லாமல் சொல்கிறது. ஆண்டுதோறும் கொடுக்கும் திதியும் வைக்கும் படையலும், போனவரோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை என்று உணர்த்துகின்றன.

நான் செய்த பிழை

விடுதிக்குத் திரும்பியபோது பலர் என்னிடம் பேசினார்கள். "அழாதே", "எல்லாம் விதி", "நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்" என்றார்கள். எல்லாரும் நல்லவர்களே. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என் வாயை அடைத்தது. என் அறைத்தோழி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வராத இரண்டு வார விரிவுரைக் குறிப்புகளைத் தன் கையெழுத்தில் எழுதி என் மேசையில் வைத்திருந்தாள். இரவில் இரண்டு பொட்டலம் சோறு வாங்கி வந்து, "சாப்பிடுறியா?" என்று கேட்காமல், ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

இவ்வளவு பெற்ற நான் என்ன செய்தேன்? மறு ஆண்டு, எங்கள் மொழிக்கழகத்தைச் சேர்ந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் தாயார் இறந்துவிட்டார். செய்தி கேட்டவுடன் புலனக் குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று பதிவிட்டேன். அதோடு சரி. அவள் திரும்பி வந்த பிறகு, நூலகத்தில் தூரத்தில் அவளைக் கண்டால் வேறு வழியாகப் போனேன். என்ன சொல்வது என்ற அச்சம் ஒரு காரணம். அவளைப் பார்த்தால் என் புண் மீண்டும் திறந்துகொள்ளும் என்பது இன்னொரு காரணம். மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன.

அப்போதுதான் அப்பாவின் படகுத்துறைக் கதை நினைவுக்கு வந்தது. "ஒன்னும் சொல்லல, சும்மா உட்கார்ந்திருந்தேன்." அன்று மாலையே அவளைத் தேடிப் போனேன்.

"இத்தனை நாளா உன்னைப் பார்க்காம ஒளிஞ்சேன். மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன். பிறகு, "அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் இதைக் கேட்கலக்கா" என்றாள். பெயரைச் சொன்னாள். அம்மா சமைக்கும் மீன் குழம்பு, அம்மா பாடும் பழைய பாட்டு, மருத்துவமனையில் கழிந்த கடைசி இரவு என்று இரண்டு மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது என் மனமும் இலேசாகியிருந்தது. அவளுக்காகப் போன எனக்கும் அங்கே மருந்து இருந்தது.

துக்கம் விசாரித்தல்

நாம் இதனைத் 'துக்கம் விசாரித்தல்' என்கிறோம். விசாரித்தல் என்றால் கேட்டறிதல். நாமோ ஒன்றும் கேட்காமல் அறிவுரை சொல்லிவிட்டு வருகிறோம். என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

1. நேரில் செல்லுங்கள். சொல் கிடைக்காவிட்டால், "என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்று சொன்னாலே போதும்.

2. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றிக் கேளுங்கள். பெயரைத் தவிர்ப்பதால் துயரம் குறைவதில்லை.

3. "எதுவும் வேண்டுமென்றால் சொல்" என்பதைவிட, ஒரு வேளைச் சோறு, ஒரு குறிப்பேடு, மயானத்துக்குப் போக ஒரு வாகனம் எனக் குறிப்பிட்ட உதவியைச் செய்யுங்கள்.

4. தம் இழப்பை அவருடைய இழப்போடு ஒப்பிட வேண்டாம்.

5. பதினாறாம் நாளுக்குப் பின்னரே வீடு வெறிச்சோடும். மூன்றாம் மாதத்திலும் முதல் தீபாவளியிலும் அவரை நினைவில் வையுங்கள்.

6. மாதங்கள் பல கடந்தும் உண்ண, உறங்க, படிக்க முடியாத அளவுக்குத் துயரம் நீடித்தால், அது தனி மருத்துவக் கவனத்துக்கு உரியது என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் நடப்புக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் ஏற்றுக்கொண்டுள்ளது. அவரைத் தனியே விடாமல், ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கம் கொள்ள ஒன்றுமில்லை.

கையற்றவருக்குக் கை

இறந்தவரை நினைத்துப் பாடும் பாடல் துறைக்குத் தமிழில் 'கையறுநிலை' என்று பெயர். தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற துறை இது. செய்வதற்கு ஒன்றுமின்றிக் கை ஓய்ந்துபோகும் நிலை என்பது பொருள். பறம்பு மலையின் வேள் பாரி மாண்டபோது, அவனுடைய உயிர்த்தோழர் கபிலரும் இந்நிலையில்தான் இருந்தார். ஆனால் அவர் தம் துயரில் மூழ்கிவிடவில்லை. தந்தையை இழந்த பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு நடந்தார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். இறுதியில் அம்மகளிரைப் பார்ப்பனரிடம் ஒப்படைத்த பின்னரே வடக்கிருந்து உயிர் துறந்தார். அவருடைய முடிவு அந்தக் காலத்து மரபு. நாம் பின்பற்றத் தக்கது அன்று. நாம் கற்க வேண்டியது அதற்கு முன் அவர் நடந்த வழியை. நண்பனை இழந்த ஒருவர், அதே மனிதனை இழந்த பெண்களுக்காகக் கதவு கதவாகத் தட்டினார். அவருடைய இரங்கலே இரக்கமாயிற்று.

வாசக நண்பர்களே, படகுத்துறையில் அப்பா செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். தாம் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் வருந்தினார். முன்பின் அறியாத ஒரு தாய் பிடித்த கையை இருட்டும் வரை விடுவித்துக்கொள்ளாமல் இருந்தாரே, அதைவிட வேறென்ன செய்ய முடியும்? இதனை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன். நம் விடுதியில், நம் விரிவுரை மண்டபத்தில், யாரேனும் ஒருவர் இன்று கையற்று நிற்கக்கூடும். வேறு வழியாகப் போகாமல், அருகில் சென்று அமர்வோமாக!