பள்ளியருகே வீடு தேடும் குடும்பமும் இளம் தரகரின் கடமையும்

சென்னை நகரில் வீடு, மனைத் தரகைத் தொழிலாக ஏற்கும் இளையோர்க்கு,

வீடு தேடி வரும் குடும்பங்களுள் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளை உடையவை தனி வகையைச் சேர்ந்தவை. பேச்சு சதுர அடியிலும் வாடகையிலும் தொடங்கினாலும் சிறிது நேரத்தில் அது பள்ளியை வந்தடைகிறது. பக்கத்தில் நல்ல பள்ளி இருக்கிறதா என்ற கேள்விக்குத் தரகர் சொல்லும் விடையை நம்பியே வாழ்நாள் சேமிப்பையும் இருபதாண்டு வங்கிக் கடனையும் ஒரே பத்திரத்தில் இறக்க அக்குடும்பங்கள் முன்வருகின்றன. இவ்வளவு பாரத்தைத் தாங்கும் அவ்விடை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இம்மடலின் பொருள்.

பள்ளி அருகில் இருத்தலும் அப்பள்ளியில் இடம் கிடைத்தலும் வெவ்வேறு என்பதை இளம் தரகர் முதலில் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பல பகுதிகளில் வீட்டு முகவரியே பிள்ளை எந்தப் பொதுப் பள்ளியில் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கு வீட்டை வாங்குவோர் ஒருவகையில் பள்ளியையும் சேர்த்தே வாங்குகின்றனர். சென்னையின் தனியார் பள்ளிகளுக்கு அத்தகைய கட்டு இல்லை. கே.கே. நகரிலோ கோபாலபுரத்திலோ அண்ணா நகரிலோ புகழ்பெற்ற பள்ளியின் மதிலை ஒட்டி வீடு வாங்கியவரின் பிள்ளையும் மற்றவர்களைப் போலவே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளியின் பெயரால் கூடுதலாகக் கொடுத்த விலை அவருக்குத் தந்தது அருகாமை ஒன்றை மட்டுமே. கேந்திரிய வித்யாலயாக்களில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை வரிசை உண்டு. அவ்வரிசையில் இடம்பெறாத குடும்பம் அதே தெருவில் குடியிருந்தாலும் வாய்ப்பு மிகக் குறைவு.

முகவரிக்குச் சட்டமே மதிப்பளிக்கும் இடமும் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி இவ்விடங்களுக்கு விண்ணப்பிக்கும் குடும்பம் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடைபெறும். இவ்வுதவியை நாடத் தகுதியுள்ள குடும்பம் பெரும்பாலும் வாடகை வீட்டுக் குடும்பமே. அதற்கு வீடு காட்டும் தரகர் அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எந்தெந்தப் பள்ளிகள் வருகின்றன, அவற்றுள் சிறுபான்மைப் பள்ளிகள் எவை என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தால், அவர் செய்யும் நன்மை கமிஷன் கணக்கில் அடங்காது. குறைந்த வாடகை வீட்டுக்கு இவ்வளவு உழைப்பா என்று தொழிலில் மூத்த சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியை இளம் தரகர் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சேர்க்கைக்கு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி வீட்டை முடிப்பது இத்தொழிலில் காணப்படும் மிகக் கேடான வழக்கம். நன்கொடை என்ற பெயரில் பெறப்படும் தலைக்கட்டணத்தை, அதாவது அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு அப்பால் சேர்க்கைக்காக வாங்கப்படும் தொகையை, கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது; வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கவும் அது இடமளிக்கிறது. இதில் இடைநிற்கும் தரகர் தம் பெயரை மட்டுமன்றி அந்தக் குடும்பத்தையும் சட்ட மீறலுக்குள் இழுத்துவிடுகிறார்.

நல்ல பள்ளி எது என்பதையும் தரகர் தாமே முடிவு செய்துவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்துக்குப் பின் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் ஒரே பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன என்பது இன்றும் பல பெற்றோர்க்குத் தெரியாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. எனவே வீட்டைக் காட்டும்போது அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியையும் மாநகராட்சிப் பள்ளியையும் பெயர் சொல்லிக் காட்டுவது தரகரின் கடமை. அவற்றைக் கேட்பவரின் தகுதிக்குக் குறைந்தவையாகக் கருதி மறைப்பது அவர் வேலையன்று.

பள்ளி அருகில் இருப்பது அங்கு இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி தராவிடில் அருகாமைக்கு என்னதான் பயன் என்ற கேள்வி இங்கு எழுகிறது. அதன் பயன் பிள்ளையின் நேரம். காலை ஏழு மணிக்கே வேனில் ஏறி, மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி எட்டரைக்குப் பள்ளி சேரும் பிள்ளைக்கும், எட்டு மணி வரை உறங்கிப் பத்து நிமிடத்தில் நடந்து செல்லும் பிள்ளைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளில் சேரும் வேறுபாட்டை எந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் ஈடுசெய்யாது. 2012ஆம் ஆண்டு தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்த துயரத்துக்குப் பின்னரே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நடந்து செல்லும் தொலைவில் பள்ளி அமைந்த வீட்டை மதிப்பிடும்போது இதுவும் கணக்கில் வர வேண்டும்.

அத்தொலைவைக் கைப்பேசி வரைபடம் காட்டும் மீட்டர் எண்ணிக்கையால் அளக்க இயலாது. இளம் தரகர் தாம் காட்டும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பள்ளி நாளொன்றில், காலை எட்டு மணிக்குள், பள்ளி வாயில் வரை நடந்து பார்த்திருக்க வேண்டும். நடைபாதை எங்கே முடிந்து இருசக்கர வண்டிகளின் நிறுத்துமிடம் எங்கே தொடங்குகிறது, நூறடிச் சாலையைக் கடக்க நேர்ந்தால் சிக்னல் இருக்கிறதா அல்லது தடுப்புச் சுவரின் இடைவெளி வழியாகத்தான் கடக்கிறார்களா, மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக எந்தச் சாலை அடைபட்டுப் போக்குவரத்து எந்தக் குறுக்குத் தெருவுக்குள் திருப்பிவிடப்பட்டிருக்கிறது, டாஸ்மாக் கடை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, மாலை நான்கு மணிக்குத் தனியே வரும் பிள்ளைக்கு ஒதுங்க ஒரு கடையோ கோயில் வாசலோ வழியில் உண்டா என்பவற்றை அந்த ஒரு நடை காட்டிக்கொடுத்துவிடும். ரயில் பாதையைக் கடக்க வேண்டிய மேற்கு மாம்பலத்துத் தெருவுக்கும் கடக்க வேண்டாத தெருவுக்கும் இடையே வாடகையில் உள்ள வேறுபாடு சிறிது. எட்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பும் துணிவில் உள்ள வேறுபாடு பெரிது.

சென்னையில் குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்பதை மழையைத் தவிர்த்துவிட்டுப் பேசவே முடியாது. இந்நகரின் குடியிருப்புகள் பலவும் ஏரிகளின் மீதும் அவற்றின் போக்குக் கால்வாய்களின் மீதும் எழுந்தவை. 1920களில் நீண்ட ஏரியின் படுகையில் தியாகராய நகர் உருவானதும், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்பதும், ஏரியே இல்லாத மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருப்பதும் அவ்வரலாற்றின் தடங்கள். வேளச்சேரி ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சென்று, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். அப்பாதை குறுகக் குறுக நீர் தெருக்களில் தங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையின் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் முடிச்சூரும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகியவற்றில் மக்கள் நாள்கணக்கில் வீட்டுக்குள் சிக்கினர். 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பின் அதன் அருகே கட்டடம் எழுப்புவது சட்டச் சிக்கலுக்கும் உரியதாகிவிட்டது.

வெயில் காலத்தில் வீடு பார்க்க வருவோருக்கு இவை தெரிவதில்லை. ஆனால் வீடே அவற்றைச் சொல்லும். மதிலின் அடிப்பகுதியில் புதுச் சாயத்துக்கு அடியிலும் தெரியும் பழுப்புக் கோடு, ஒரு காலத்தில் இடுப்பளவில் இருந்து இப்போது தலைக்கு மேல் ஏற்றப்பட்ட மின் மீட்டர்ப் பெட்டி, தரைத்தள வீட்டின் வாசலில் பின்னாளில் கட்டிய தடுப்புத் திண்டு ஆகியவற்றைக் காணக் கற்ற கண் தரகருக்கு வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது சாலைக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயர வேறுபாடு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற பல வீடுகளுக்கு இன்று சாலையிலிருந்து படி இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அத்தகைய வீட்டில் ஒரு மணி நேர மழையே போதுமானது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் போடுபவரிடமும் கேட்டால் எந்த வீட்டு வாசல் வரை நீர் வந்தது என்பதை அடையாளத்துடன் சொல்வார்கள். கேட்டறிந்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வதுதான் கடினம், விற்பனை கைநழுவலாம். நழுவட்டும். மழைக்காலத்தில் பிள்ளையுடன் படகில் ஏறும் குடும்பம் அந்தத் தரகரை ஒருபோதும் மறப்பதில்லை, மன்னிப்பதுமில்லை.

ஆவணங்களைப் பொறுத்தவரை தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வரைபட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். தரகர் தாமே விளக்க வேண்டியது பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது அடுக்குமாடி எழும்பியுள்ள மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய நிலத்தின் அளவு. நல்ல பள்ளிகள் சூழ்ந்த மயிலாப்பூர், அடையாறு போன்ற பழைய பகுதிகளில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பல பத்தாண்டுப் பழமையான, லிஃப்ட் இல்லாத சிறு அடுக்குமாடிகள். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தாலே கட்டடத்தை இடித்துக் கட்ட வழியுண்டு. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அம்முடிவு எடுக்கப்பட்டால், பள்ளியருகே என்று வாங்கிய வீட்டை விட்டுக் குடும்பம் வெளியேறிப் புதுக் கட்டடம் எழும் வரை வேறிடத்தில் குடியிருக்க நேரும். பழைய வீட்டை வாங்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. நிலப்பங்கு மிகுதியாக இருப்பதால் அது நல்ல முதலீடாகவும் அமையலாம். குடியிருப்போர் சங்கத்தில் அப்பேச்சு எழுந்துள்ளதா என்பதைக் கேட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்லும் தரகர் அரியவர். எனினும் பள்ளியை நோக்கி இடம் தேடுவோர்க்கு அதைவிட நல்ல அறிவுரை இல்லை. பிள்ளைக்கு எங்கு இடம் கிடைத்தது என்பது தெரிந்த பின், ஒரு மழைக்காலத்தைக் கண்ட பின், குடிநீர் குழாயில் வருகிறதா லாரியில் வருகிறதா என்பது விளங்கிய பின் வாங்கும் வீட்டில் வருத்தத்துக்கு இடம் குறைவு. சொந்த வீட்டைப் புறநகரில் வாடகைக்கு விட்டுவிட்டுப் பள்ளி முடியும் வரை நகருக்குள் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். அது தவறான கணக்குமன்று.

குடும்பங்களுக்கு ஏற்ற இடம் என்ற தொடர் சில தெருக்களில் வேறொரு பொருளில் வழங்குகிறது. அங்கு அது சைவ உணவினர் மட்டும், குறிப்பிட்ட சாதியினர் மட்டும், குறிப்பிட்ட மதத்தினர் வேண்டாம் என்பதைப் பண்பாகச் சொல்லும் வழியாகிவிட்டது. கணவரை இழந்தோ பிரிந்தோ பிள்ளையுடன் தனித்து வாழும் தாயும் அதே சொல்லால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார். வீட்டுக்காரரின் கட்டளை என்று சொல்லித் தரகர் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால் அக்கேள்வியை வீடு தேடுபவரிடம் கேட்கும் வாய் தரகருடையதே. பிள்ளையைப் படிக்கவைக்க இடம் தேடி வந்த ஒரு தாயிடம் சாதியை விசாரிப்பது எத்தகைய செயல் என்பதை இளம் தரகர் தம் தொழிலின் முதல் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அத்தகைய நிபந்தனையுள்ள வீடுகளை ஏற்க மறுப்பதால் சில கமிஷன்கள் போகும். தொழில் போய்விடாது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களின் மனைகளையும் வீடுகளையும் விற்க உதவும் தரகர் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வதை நேர்மையற்ற வணிக நடைமுறையாகவும் அது வகைப்படுத்துகிறது. பள்ளியில் இடம் என்பதும் தரகரிடம் இல்லாத ஒரு வசதியே. ஆகவே, டோக்கன் அட்வான்ஸ் பெறும்போது கொடுக்கும் ரசீதில், எந்தப் பள்ளியிலும் சேர்க்கைக்கு உறுதி அளிக்கப்படவில்லை என்ற ஒரு வரியும், இவ்வீட்டில் அல்லது இத்தெருவில் மழைநீர் தேங்கியது குறித்துத் தரகர் அறிந்தது என்ற தலைப்பில் எழுதுவதற்குச் சிறிது இடமும் இருக்க வேண்டும். முதல் ரசீதுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கும்போதே இளம் தரகர் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பாராக.