குறைந்த சராசரியும் வர்த்தகக் கலாசாலைப் பிரவேசமும்

பட்டப் படிப்பில் தாம் எய்திய எண் குறைந்தது என்னும் ஒரே காரணத்தால், அமெரிக்க ஐக்கிய நாட்டு வர்த்தகக் கலாசாலைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் துணியாது நின்றுவிடும் பட்டதாரிகள் பலர். வேறு சிலரோ அவ்வெண்ணை யாரும் உற்று நோக்கார் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு விண்ணப்பித்து, மறுப்பு வரக் கண்டு மனமுடைவர். இவ்விரு திறத்தாரும் அவ்வெண் யாதன் பொருட்டுக் கேட்கப்படுகின்றது என்பதை ஆராய்ந்திலர். அதனை ஆராய்ந்தபின் செய்யத்தக்கது இன்னது என்பது தானே விளங்குமாதலின், யாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்நாட்டுக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஏ, பி, சி முதலிய தரங்கள் வழங்கப்படும். ஏ என்பதற்கு 4, பி என்பதற்கு 3, சி என்பதற்கு 2 என எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் பாடத்தின் கிரெடிட் அளவாற் பெருக்கிக் கூட்டி வகுத்தெடுத்த சராசரியே ஜி.பி.ஏ. எனப்படுவது. ஹார்வர்டு, ஸ்டான்போர்டு போன்ற முன்னணிக் கலாசாலைகளிற் சேர்வாரது சராசரி அண்மை ஆண்டுகளில் 3.7ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நிற்கின்றது. 3.0 பெற்றவர்க்கு இதனைக் கேட்டளவில் அச்சம் தோன்றுதல் இயல்பே. எனினும் சராசரி என்பது வாயிற்படியன்று. அதற்குக் கீழும் சிலர் இருந்தாலன்றி அது சராசரியாகாது.

எம்.பி.ஏ. முதலாண்டில் கணக்கியல், நிதியியல், புள்ளியியல், பொருளியல் ஆகியன ஒருங்கே வந்து மாணாக்கரை நெருக்கும். ஹார்வர்டில் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 500 வியாபார நிகழ்ச்சிகளைப் படித்து, வகுப்பில் அவை குறித்து வாதிடவும் வேண்டும். இச்சுமையை இவர் தாங்குவாரா என்பதே தேர்வுக் குழுவினர் உள்ளத்தெழும் ஐயம். பழைய எண் அவ்வையத்திற்கு எளிதிற் கிடைக்கும் ஒரு விடை, அவ்வளவே. கலாசாலைகளை வரிசைப்படுத்தும் பத்திரிகைகள் சேர்வோரது சராசரியையும் கணக்கிடுகின்றன என்னும் மற்றொரு காரணமும் உண்டு. அதனைக் கலாசாலைகள் உரத்துச் சொல்வதில்லை. ஆகவே குறைந்த எண் பெற்றவர் செய்யற்பாலது அவ்வையத்திற்கு வேறு சான்று கொண்டு விடையிறுத்தலேயாம்.

எண்ணையே உயர்த்திவிடலாகாதா என்று இன்னும் படித்துக்கொண்டிருப்போர் வினவலாம். 120 கிரெடிட் கொண்ட படிப்பில் 90ஐ முடித்து 2.8 பெற்றுள்ள ஒருவர், எஞ்சிய 30இலும் ஒன்று தவறாமல் ஏ பெற்றாலும், முடிவிற் கிடைப்பது 3.1 மாத்திரமே. கணக்கு இத்துணைக் கடுமையானது. ஆயினும் அவ்விறுதி ஆண்டு வீணன்று. நான்கு ஆண்டுகளில் முறையே 2.3, 2.7, 3.3, 3.7 பெற்றவர்க்கும், அதனைத் தலைகீழாகப் பெற்றவர்க்கும் சராசரி 3.0 தான், ஆயினும் முழு மதிப்பெண் பட்டியலை விரித்துப் படிப்போர் முன்னவரை ஏறுவாராகவும் பின்னவரை இறங்குவாராகவும் காண்பர்.

பட்டம் பெற்று நீங்கியவர்க்கு அந்த எண் கல்லில் வெட்டிய எழுத்து. அவர்க்குரிய முதற் சான்று ஜிமாட் பரீட்சை. 1954 முதல் நடைபெற்றுவரும் இது, 2023இற் புதுவடிவம் பெற்று, 45 நிமிட அளவினவாய மூன்று பகுதிகளாக, 205 முதல் 805 வரை மதிப்பிடப்படுகின்றது. கணிதப் பகுதியின் 21 வினாக்களுக்குக் கணக்கிடும் கருவியின் உதவி கிடையாது. பெற்ற மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். ஈண்டு ஓர் எச்சரிக்கை கூற விரும்புகின்றோம். குறைந்த சராசரியுடன் மிக உயர்ந்த ஜிமாட் மதிப்பெண் மட்டும் சேருமாயின், 'இவர் அறிவுடையர், ஆயினும் சோம்பர்' என்று படிப்பாரும் உளர். பரீட்சை ஒரு காலைப் பொழுதின் திறமையைக் காட்டும். பல வாரம் தளராது உழைக்கும் இயல்பைக் காட்டாது.

அவ்வியல்பைக் காட்டவல்லது புதிதாகப் படித்துப் பெறும் தரமே. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலைகளின் விரிவுக் கல்விப் பகுதிகள், புள்ளியியல், கணக்கியல் முதலிய பாடங்களை உத்தியோகத்திலுள்ளோர்க்கும் கற்பித்துத் தரம் வழங்குகின்றன. ஹார்வர்டு வர்த்தகக் கலாசாலையும் 2014 முதல் இணையவழியே பொருளியல், கணக்கியல், வியாபாரப் புள்ளியியல் மூன்றும் சேர்ந்த ஒரு படிப்பை நடத்திவருகின்றது. வருகைக்கு மட்டும் அளிக்கும் சான்றிதழ்களால் இங்குப் பயனில்லை. இரண்டு பாடம் போதும். ஆனால் இரண்டிலும் ஏ வேண்டும். மீண்டும் பி பெறுதல், படியாதிருத்தலினும் தீது.

இனி விளக்கவுரை. பெரும்பாலான விண்ணப்பங்களில், விரும்பினோர் கூடுதலாகச் சிறிது எழுதுதற்கு இடம் விடப்பட்டிருக்கும். இதனை வீணாக்குவோரே மிகுதி. ஒருவர் இங்ஙனம் எழுதுவார்: 'எமது கல்லூரியில் மதிப்பெண் வழங்குவது மிகக் கடுமை, ஆசிரியரும் நடுநிலையினர் அல்லர், மேலும் எண்கள் ஒருவரது திறமையை அளக்கமாட்டா.' இதனைப் படிப்பவர்க்கு வழக்காடும் ஒருவர் தோன்றுவாரேயன்றி மாணாக்கர் தோன்றார். மற்றொருவர் எழுதுவது இது: 'இரண்டாம் ஆண்டில் தந்தையார் நோயுற்றமையின், வாரந்தோறும் 25 மணி நேரம் எங்கள் கடையைப் பார்த்துவந்தேன், அவ்வாண்டு மூன்று பாடங்களிற் சி பெற்றேன். மூன்றாம் ஆண்டில் தமையனார் பொறுப்பேற்றபின் பெற்ற தரங்கள் பட்டியலிற் காணப்படும். சென்ற ஆண்டு புள்ளியியலும் கணக்கியலும் படித்து இரண்டிலும் ஏ பெற்றுள்ளேன்.' காரணம், காலம், மாற்றம், சான்று எல்லாம் நான்கு வரியில் அடங்கிவிட்டன. இரங்குக என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை.

நோயும் வறுமையும் இல்லாதார் அவற்றைப் புனைதல் வேண்டா. நாடக மேடையிலும் பந்தாட்ட வெளியிலும் முதலிரண்டு ஆண்டைக் கழித்தவர் அதனை அவ்வாறே ஒரு வாக்கியத்திற் கூறி மேற்செல்லலாம். பத்தொன்பது வயதின் கவனக்குறைவைத் தேர்வுக் குழுவினர் அறியாதவரல்லர். சேர்ந்தபின் விவரங்களைச் சரிபார்க்கும் வழக்கம் பல கலாசாலைகளில் உண்டு. பொய் வெளிப்பட்டால் கொடுத்த இடம் பறிபோகும்.

நம் நாட்டுப் பட்டதாரிகட்கு ஒரு சொல். 60 விழுக்காடு முதல் வகுப்பு என மதிக்கப்படும் இடத்திலிருந்து வருவோர், 62 விழுக்காட்டைத் தாமே 4இன் அளவுக்கு மாற்றி எழுதித் தம்மைக் குறைத்துக்கொள்வது உண்டு. பட்டியலில் உள்ளவாறே தருக என்று பல கலாசாலைகள் கேட்கின்றன. வகுப்பில் எத்தனையாமவர் என்பதைக் கல்லூரி எழுதித் தருமாயின் அதனையும் சேர்த்தல் நலம்.

நற்சாட்சி எழுதும் மேலதிகாரியும் ஈண்டு உதவலாம். 'நல்லவர், உழைப்பாளி' என்பது ஒன்றுக்கும் ஆகாது. எண்களைக் கொண்டு இவர் தீர்த்த சிக்கல் யாது என்று அவர் எழுதவேண்டும். பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டு உத்தியோகம் பார்த்தபின் விண்ணப்பிப்பதே அங்குப் பெருவழக்காதலின், பழைய எண்ணுக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே பேசத்தக்க வேலை நிரம்ப நடந்திருக்கும்.

முதற் சுற்று விண்ணப்பங்கள் பெரும்பாலும் செப்டம்பரிலும் இரண்டாஞ் சுற்று ஜனவரியிலும் முடிவடையும். பாடங்களுக்கும் பரீட்சைக்கும் சில மாதங்கள் வேண்டுமாதலின், ஓராண்டு முன்னரே தொடங்குவது தக்கது. இத்தனையும் செய்தும் மறுக்கப்படுவோர் இருப்பர். இடங்கள் சில, நாடுவோர் பலர். மறுமுறை விண்ணப்பிப்போரிடம், சென்ற முறைக்குப் பின் யாது மாறிற்று என்று பல கலாசாலைகள் தனியே கேட்கின்றன. இடைப்பட்ட ஆண்டிற் படித்த பாடமும் ஏற்ற பொறுப்பும் அவ்வினாவின் கீழ் எழுதப்படும்.