பின்னொளியைத் தேடுதல்: காவலூரிலிருந்து ஒரு வகுப்பறைப் பாடம்

2000-ஆம் ஆண்டு மார்ச் 1, புதன்கிழமை, பிற்பகல் 3.21 மணி. நம் பள்ளிகளில் கடைசிப் பாடவேளை நெருங்கும் நேரம். அப்போது காமா கதிர்களின் வீச்சு ஒன்று பூமியைக் கடந்து சென்றது. அது நீடித்தது ஏறத்தாழ 2 நொடிதான். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து நம்மிடம் வர அதற்குச் சுமார் 1000 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. அது கிளம்பியபோது பூமியும் இல்லை, சூரியனும் இல்லை.

மறுநாளிலிருந்து மார்ச் 4 வரை, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு தொலைநோக்கி அந்த வெடிப்பின் மிச்ச வெளிச்சத்தைப் படம் பிடித்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட இத்தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அந்தப் படங்களை வைத்து எஸ்.ஜி. பார்கவி, ஆர். கௌசிக் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதே ஆண்டு வெளிவந்தது. வெடிப்பின் பெயர் ஜிஆர்பி 000301சி. 'ஜிஆர்பி' என்றால் காமா கதிர் வெடிப்பு. அடுத்து வருவன ஆண்டு, மாதம், நாள். கடைசி எழுத்து அன்றைக்கு அது மூன்றாவது என்பதைச் சொல்கிறது.

விண்மீன்களைப் பற்றிக் கற்பிக்கும்போது தொலைவு, நிறை, வெப்பநிலை என்று எண்களைச் சொல்லிக்கொண்டே போகிறோம். அந்த எண்களை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பது பெரும்பாலும் வகுப்புக்குள் வருவதில்லை. பின்னொளித் தேடலை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்பது என் கருத்து. அதற்கு வேண்டியவை இரண்டு தாள்கள், ஒரு கடிகாரம், கண்டதை மட்டும் எழுதும் துணிவு. மூன்றாவதுதான் கடினம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. வானில் யாரும் இரகசியமாக அணுகுண்டுச் சோதனை நடத்துகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள், 1967 ஜூலை 2 அன்று பூமியிலிருந்து வராத ஒரு காமா வீச்சைப் பதிவு செய்தன. இச்செய்தி அறிவியல் உலகுக்கு 1973-இல்தான் தெரியவந்தது. அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல், இவை பக்கத்தில் நடக்கின்றனவா, பிரபஞ்சத்தின் கோடியில் நடக்கின்றனவா என்றே முடிவாகவில்லை. சாதாரண ஒளியைப்போலக் காமா கதிரை ஆடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. அதனால் 'அந்தத் திசையில் எங்கோ' என்றுதான் சொல்ல முடியும். அந்த 'எங்கோ'வுக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் வெடிப்பு முடிந்திருக்கும்.

1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள் ஒரு வெடிப்பையும், அதைத் தொடர்ந்து மங்கிவந்த எக்ஸ் கதிரையும் பிடித்து, இடத்தை ஓரளவு துல்லியமாகச் சொன்னது. கேனரித் தீவுகளில் உள்ள 4.2 மீட்டர் தொலைநோக்கி ஒரு நாளுக்குள் அந்த இடத்தைப் படமெடுத்தது. சில நாள் கழித்து எடுத்த படத்தில் ஒரு புள்ளியைக் காணவில்லை. முதன்முதலில் கண்ட ஒளியியல் பின்னொளி அதுதான்.

பின்னொளி எப்படி வருகிறது? பெரிய விண்மீன் ஒன்றின் மையம் இடிந்து விழும்போது, அல்லது இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஒரு குறுகிய பீச்சு வெளிப்படுகிறது. அது சுற்றியுள்ள வாயுவில் போய் மோதுகிறது. மோதலில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளியை உமிழ்கின்றன. முதலில் எக்ஸ் கதிர், பிறகு கண்ணுக்குரிய ஒளி, கடைசியில் ரேடியோ அலை என்று ஆற்றல் படிப்படியாக இறங்கும். காமா வீச்சு நொடிகளில் முடிந்தாலும் இந்த ஒளி நாட்கணக்கில், ரேடியோவில் மாதக்கணக்கில்கூடத் தொடரும்.

மார்ச் 1 வெடிப்பின் திசையைக் கண்டுபிடித்த விதம் நம் மாணவர்களுக்கு எளிதில் புரியும். மேற்கிலிருந்து மழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டியில் 3 மணிக்குத் தூறல், செக்கானூரணியில் 3.30, மதுரையில் 4. நேரத்தை மட்டும் வைத்தே மழை மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் நேர் மேற்கா, தென்மேற்கா, வடமேற்கா என்று தெரியாது. இவை மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கும் ஊர்கள். கோட்டை விட்டு விலகிய ஓர் ஊரின் நேரம் வேண்டும். திருமங்கலத்தில் எப்போது பெய்தது என்று கேட்டால் திசை பிடிபடும்.

அன்றைய வெடிப்பை மூன்று விண்கலங்கள் பதிவு செய்தன. பூமியைச் சுற்றிய ஆர்எக்ஸ்டிஇ, சூரியனின் துருவங்களை ஆராயப் போன யுலிசிஸ், ஈராஸ் என்ற குறுங்கோளைச் சுற்றத் தொடங்கி இரண்டு வாரமே ஆகியிருந்த நியர். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவைக் கடக்க 8 நிமிடம் 20 நொடி ஆகும். இவ்வளவு விலகியிருந்த கலங்களில் ஒரே வீச்சு வெவ்வேறு நேரத்தில் பதிவானது. இரண்டு கலங்களின் நேர வேறுபாடு வானில் ஒரு வளையத்தைத் தரும். மூன்றாவது கலம் அந்த வளையத்தை வெட்டிச் சிறு துண்டாக்கும். இப்படிக் கிடைத்த பகுதி முழுநிலவின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வடமகுடம் என்ற விண்மீன் தொகுதியின் பக்கத்தில் அது இருந்தது. மார்ச் மாதத்தில் அப்பகுதி நமக்கு உயரத்தில் வருவது விடியலுக்குச் சற்று முன்புதான். வெடிப்பு நடந்து சுமார் 42 மணி நேரத்தில், கேனரித் தீவுகளில் உள்ள நார்டிக் தொலைநோக்கியின் படங்களில் மங்கிவரும் புள்ளி அடையாளம் காணப்பட்டது. நைனிதாலும் காவலூரும் அதே நாட்களில் அங்கே பார்த்துக்கொண்டிருந்தன. ஜப்பானில் விடியும்போது நமக்கு இரவு, நமக்கு விடியும்போது ஐரோப்பாவில் இரவு. மங்கும் பொருளை இடைவெளியின்றிப் பின்தொடர, நடுவில் இருக்கும் இந்தியத் தொலைநோக்கிகள் அவசியம்.

அந்தப் புள்ளியின் ஒளித்தரம் ஏறத்தாழ 20. இருண்ட வானில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை 6. இந்த அளவீட்டில் 5 எண் கூடினால் வெளிச்சம் நூறில் ஒன்றாகிவிடும். 6-க்கும் 20-க்கும் 14 வித்தியாசம். அடுக்குகள் பாடம் நடத்தும்போது இதைக் கணக்காகவே கொடுக்கலாம். கண்ணின் எல்லையைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல் என்று விடை வரும்.

இனி வகுப்பறைச் செயல்பாடு. கறுப்பு அட்டையில் வெள்ளை வண்ணத்தால் ஐம்பது அறுபது புள்ளிகள் வையுங்கள். சிறியதும் பெரியதுமாக இருக்கட்டும். இது பழைய படம். அதைப் பார்த்து இன்னொன்று வரையுங்கள். இரண்டாவதில் ஒரு புதுப்புள்ளியைச் சேருங்கள். அதோடு ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அது குறுங்கோள். ஒரு புள்ளியைப் பெரிதாக்குங்கள், அது மாறொளி விண்மீன். ஒரு சிறு கீற்றையும் போடுங்கள். கேமராவில் காஸ்மிக் கதிர் பட்ட தடம் அது. மூன்றாவது அட்டையில் புதுப்புள்ளி சிறுத்திருக்க வேண்டும், கீற்று இருக்கக் கூடாது. ஐந்து பேர் குழுவுக்கு ஒரு தொகுப்பு, கால் மணி நேரம். 'புதிதாக இருக்கிறதா, அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா, மங்குகிறதா' என்ற மூன்று கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். குழந்தைகள் அட்டையைச் சதுரங்களாகப் பிரித்து ஆளுக்கொரு சதுரம் எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு குழுவுக்கு மட்டும் புதுப்புள்ளியே இல்லாத தொகுப்பைக் கொடுங்கள், சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்பில் நான் செய்தபோது, அந்தக் குழு நேரம் முடியும்வரை தேடிவிட்டு, அட்டையில் ஒட்டியிருந்த சுண்ணக்கட்டித் தூளைக் காட்டி "இதுதான் சார்" என்றது. தூள் என்று அவர்களுக்கே தெரியும். "ஒன்னும் இல்லைன்னு எழுதினா மார்க் கிடைக்காதே சார்" என்றாள் குழுத்தலைவி. மேல்நிலை வகுப்பில் ஊசல் சோதனை முடிந்ததும் எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி 9.8 வந்து நிற்பதற்கும் இதே காரணம்தான்.

வானியலாளர்களிடம் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வெடிப்பு பதிவானதும் உலகெங்கும் உள்ள குழுக்கள் சுருக்கமான அறிக்கைகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் கணிசமானவை 'பார்த்தோம், இன்ன ஒளித்தரம் வரை எதுவும் தென்படவில்லை' என்ற செய்திதான். அதை 'மேல் வரம்பு' என்பார்கள். அதற்கும் ஆசிரியர் பெயர் உண்டு, மேற்கோள் உண்டு. இத்தனை மணிக்கு ஒளி இந்த அளவுக்குக் கீழே போய்விட்டது என்பதும் ஓர் அளவீடு. அதை வைத்து மற்றவர்கள் தங்கள் கணக்கைத் திருத்துகிறார்கள். எனவே அந்தக் குழுவைத் திரும்ப எழுதச் சொன்னேன். "எல்லாச் சதுரமும் பார்த்தோம். கடுகு அளவுக்கு மேல் புதுப்புள்ளி இல்லை. அதைவிடச் சின்னது இருந்தால் எங்களுக்குத் தெரியாது" என்று எழுதினார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன். மேல் வரம்புக்கு இதைவிட எளிய தமிழ் விளக்கம் எனக்குத் தெரியாது.

மங்கும் விதத்தையும் ஒரு வரைபடமாகப் போடவைக்கலாம். ஆறும் தேநீர் ஓர் ஒப்புமைதான், ஆனால் அது முழுதும் பொருந்தாது. தேநீரில் அறையைவிடக் கூடுதலாக இருக்கும் வெப்பநிலை, ஏறக்குறைய சமமான நேர இடைவெளிகளில் பாதி பாதியாகக் குறையும். பின்னொளி அப்படியல்ல. வெடிப்பிலிருந்து கழிந்த காலம் இரட்டிக்கும்போதுதான் அது ஒரே விகிதத்தில் குறையும். 1 நாளிலிருந்து 2 நாள், பிறகு 2-இலிருந்து 4, 4-இலிருந்து 8. இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் வரைந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மார்ச் 1 வெடிப்பில், முதலில் காலம் இரட்டிக்கும்போதெல்லாம் வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே இறங்கியது. சுமார் 6 நாளுக்குப் பின் சரிவு கூடி, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வீச்சு எல்லாத் திசையிலும் பரவாமல் டார்ச் விளக்கின் ஒளிபோலக் குறுகிய கற்றையாக வந்தது என்பதற்கு இந்தத் திடீர்ச் சரிவை ஆதாரமாகக் கொள்கிறார்கள். கோடு வழவழப்பாகவும் இல்லை. இடையில் மேடுபள்ளங்கள் இருந்தன. நடுவில் குறுக்கிட்ட விண்மீன் ஒன்றின் ஈர்ப்பு வில்லைபோல ஒளியைக் குவித்திருக்கலாம் என்று ஒரு குழு விளக்கம் சொன்னது.

இந்த வளைவைப் பின்னோக்கி நீட்டினால் வெடிப்பு எப்போது நடந்தது என்று கணிக்கலாம். 2017 ஜனவரி 4 அன்று இரண்டு கருந்துளைகள் இணைந்த ஈர்ப்பலை பதிவானது. சுமார் ஒரு நாள் கழித்து, ஹவாயில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி, அந்தத் திசையில் மங்கிவரும் ஒரு புள்ளியைக் கண்டது. கருந்துளை இணைப்பிலிருந்து ஒளி வந்திருந்தால் அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் மங்கும் வேகம் வேறு கதை சொன்னது. நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளைத் தேடியபோது, ஈர்ப்பலைக்குச் சுமார் 20 மணி நேரம் கழித்து நடந்த தனியொரு காமா வெடிப்பு கிடைத்தது. வளைவு காட்டிய நேரத்தோடு அது பொருந்தியது. புள்ளி அந்த வெடிப்பின் பின்னொளி, கருந்துளைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியக் கருவியின் பங்களிப்பு இங்கே ஒரு 'இல்லை'தான்.

இன்று லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், குரோத்-இந்தியா என்ற 70 சென்டிமீட்டர் தானியங்கித் தொலைநோக்கி 2018 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து நடத்துவது. 2022 அக்டோபர் 9 அன்று பதிவான, இதுவரை கண்டவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பின் பின்னொளியையும் அது படம் பிடித்தது.

மதுரை நகரத்துக்குள் தெருவிளக்கும் கடைவிளக்கும் சேர்ந்து வானத்தைக் கழுவிவிட்டன. அழகர்கோவில் சாலையிலோ மேலூருக்கு அப்பாலோ ஊர் விளக்குகள் பின்னால் போன இடத்தில் இன்னும் ஓரளவு தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு, மேகமில்லாத இரவு 10 மணி வாக்கில், தலைக்கு மேல் சற்று வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். செம்மஞ்சளாக மின்னும் சுவாதிக்கும், வடகிழக்கில் வெண்ணீலமாக இருக்கும் அபிஜித்துக்கும் இடையே, சுவாதிக்குப் பக்கமாக, அரைவட்டமாக ஆறேழு விண்மீன்கள் இருக்கும். அதுதான் வடமகுடம். அதற்குக் கிழக்கே சற்றுத் தள்ளித்தான் மார்ச் 1 வெடிப்பு நடந்தது. அந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்று எழுதி வரச் சொல்லலாம்.