அட்டை தொலைந்தால் உரிமை தொலைவதில்லை

கிராமக் குடும்பங்களின் அன்றாட வாழ்வில் குடும்ப அட்டைக்குள்ள இடம் யாவரும் அறிந்ததேயாம். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்து அரிசி அட்டைதாரர்களுக்கு நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. 2017 ஏப்ரல் முதல் தாள் அட்டைகளுக்கு மாற்றாக மின்னணு அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. இவ்வட்டை காணாமற்போனவுடன், அரிசியும் போயிற்று என்று கலங்கி, இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறுவோர் உளர். இக்கலக்கம் வேண்டுவதன்று.

பெட்டியில் வைத்த பட்டா நகலைக் கரையான் அரித்துவிட்டால் நிலம் பறிபோவதில்லை; வருவாய்த் துறையின் கணக்கில் பெயர் நிலைத்து நிற்கிறது. குடும்ப அட்டையும் அத்தகையதே. அட்டை போயினும், வழங்கல் துறையின் பதிவில் குடும்பம் இருந்துகொண்டே இருக்கிறது.

ஆதலின் செய்ய வேண்டுவன வருமாறு:

முதலாவதாக, அட்டை எண்ணையும் பதிவு செய்த கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ நகல் அட்டை கோரி விண்ணப்பித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, விண்ணப்பத்திற்குரிய ஒப்புகை எண்ணைத் தவறாது கேட்டு வாங்குதல் வேண்டும். விண்ணப்பத்தின் நிலையை அறிய அதுவே துணை. செலுத்திய கட்டணத்திற்கு இரசீது பெறுதலும் நன்று.

மூன்றாவதாக, கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை முன்பின் அறியாதவர் எவர்க்கும் சொல்லலாகாது. ஐயம் எழுந்தால் 1967 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிற் கேட்டறியலாம்.

சில ஊர்களில் அட்டை தொலைவதில்லை. கைம்மாற்றுக் கடனுக்கு ஈடாகப் பிறர் கையில் இருக்கிறது. அட்டையை அடகு வைப்பதும் வாங்குவதும் தகாத செயல்களாம். அதனைத் தொலைந்ததாகப் பொய்யுரைத்து நகல் கோருவது பின்னர்த் தொல்லையே தரும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, அட்டையை உரியவரிடம் சேர்ப்பித்தலே முறை.

வாக்காளர் அட்டைக்கும் இக்கருத்துப் பொருந்தும். நகல் அட்டைக்குப் படிவம் 8-ஐ நிறைவு செய்து, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அளிக்கலாம். வாக்காளர் பட்டியலிற் பெயர் இருப்பின், தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறோர் அடையாள ஆவணத்தைக் காட்டியும் வாக்களிக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தோர்க்கு அரசு சிறப்பு முகாம்கள் அமைத்து நகல்களை வழங்கியது. பதிவேடுகள் நிலைத்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று! எனினும் முன்னெச்சரிக்கை நம் கடமை. ஒவ்வொரு வீட்டிலும் அட்டை எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அட்டைகளின் நகல்களோடு நெகிழிப் பையிலிட்டு உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். ஊரார் அனைவரின் ஆதார் எண்களையும் ஒரே பட்டியலாக எழுதிப் பொதுவிடத்தில் வைத்தலோ தீமைக்கு இடந்தரும்.

எழுத்தறியா முதியோரும் தனித்து வாழும் பெண்டிரும் விண்ணப்பிக்கும் வழியறியாது மாதக்கணக்கில் அரிசியின்றி வாடுதல் கூடாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், அட்டை இழந்தோர் எவரேனும் உளரா என்று உறுப்பினர்கள் கேட்டறிந்து, அவர்களை இ-சேவை மையத்திற்கு உடன் அழைத்துச் செல்வார்களாக.