ஒற்றை இன்ஜினை நம்பி ஏறும் பிள்ளைகளுக்கு

பிலாட்டஸ் பிசி-12 ஓட்டப் பழகும் இளம் விமானிகளுக்காக இதை எழுதுகிறேன். ஸ்விட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் ஊரில் உருவாகி, 1991 மே 31 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம் இது. ஒரே விமானி போதும். ஒன்பது பயணிகள் வரை ஏறலாம். ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவச் சேவை இதை நம்பித்தான் ஓடுதளம்கூடச் சரியாக இல்லாத ஊர்களுக்குப் போகிறது. "இன்ஜின் நின்றால் என்ன செய்வாய்?" என்று வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். நான் அஞ்சுவது அதற்கல்ல, தரையில் நாம் விட்டுவிடுகிற வேலைகளுக்கு.

1. ஸ்டார்ட் செய்யும்போது வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இந்த விமானத்தின் பிடி6 இன்ஜினில் கம்ப்ரசருக்கும் புரொப்பெல்லருக்கும் நேரடித் தண்டு இல்லை. சூடான வாயுதான் புரொப்பெல்லர் டர்பைனைச் சுழற்றுகிறது. பேட்டரி சோர்ந்திருந்தால் கம்ப்ரசர் மெதுவாகச் சுழலும், காற்று குறையும், எரிபொருளின் வெப்பம் டர்பைன் தகடுகளைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் உடனே எரிபொருளை நிறுத்துங்கள்.

2. எரிபொருளில் உறைதடுப்பு மருந்து கலக்கச் சொல்கிறதா உங்கள் கையேடு? அப்படியானால் நிரப்பும் இடத்தில் நீங்களே நின்று பாருங்கள். சென்னை வெயிலில் நிரப்பினாலும் 25,000 அடியில் வெளிக்காற்று பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். எரிபொருளில் கரைந்திருக்கும் துளி நீர் அங்கே பனியாகும். 2009 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பியூட் விமான நிலையத்தருகே ஒரு பிசி-12 விழுந்து 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். மருந்து கலக்கப்படவில்லை என்றது விசாரணை. பனி அடைத்ததால் எரிபொருள் அழுத்தம் குறைந்தது. இடது இறக்கையின் தொட்டி நிறைந்தே இருக்க, வலதுபக்கம் குறைந்துகொண்டே போனது. முன்னதாகவே வேறு நிலையத்தில் இறங்கியிருக்கலாம். அந்த முடிவை எடுக்கும்போது விமானம் ஒருபக்கம் மிகவும் கனத்துவிட்டிருந்தது. இரு தொட்டிகளின் அளவும் விலகத் தொடங்கினால் காரணம் தேடிக்கொண்டே பறக்காதீர்கள். அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கிவிட்டுத் தேடுங்கள்.

3. வாலின் உச்சியில் பனி இருக்கிறதா என்று பாருங்கள். பிசி-12-இன் கிடைவால் செங்குத்து வாலின் மேல் நிற்பது. கீழிருந்து பார்த்தால் அதன் மேற்பரப்பு தெரியாது. 2019 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துச் சேம்பர்லேனில், இரவெல்லாம் வெளியில் நின்ற ஒரு பிசி-12 12 பேருடன் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்தது. ஒன்பது பேர் போனார்கள். எடை வரம்பைத் தாண்டியிருந்தது, பளு பின்னால் சாய்ந்திருந்தது, பனியும் முழுதாக நீங்கவில்லை. ஏணி எட்டவில்லை என்றால் பயணமும் இல்லை.

4. எடைக் கணக்கை மனக்கணக்காகப் போடாதீர்கள். பின்பக்கச் சரக்குக் கதவு பெரியது. எதை வைத்தாலும் நுழையும், அதுதான் ஆபத்து.

5. பனி மேகத்திலும் மண் ஓடுதளத்திலும் இன்ஜினுக்குள் போகும் காற்றிலிருந்து பனியையும் மண்ணையும் பிரிக்கும் பிரிப்பானைத் திறந்து வையுங்கள். சக்தி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

6. இன்ஜின் நின்றாலும் இந்த விமானம் கல்லாக விழாது. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் இரண்டரை கடல் மைல் மிதந்து போகும். ஆனால் எந்த ஓடுதளத்துக்கு என்பதை இன்ஜின் ஓடும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிளம்பிய உடனே நின்றால், எந்த உயரத்துக்குக் கீழே திரும்ப முயலக் கூடாது என்பதையும் ஓடுதளத்தில் உருளும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

7. இது தொழில்முறைப் பயணத்துக்கான விமானம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பெரும்பாலும் சம்பளம் தருபவர்; அவருக்குக் கூட்டம் காத்திருக்கும், வீடு காத்திருக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் அவசரத்தில் தாண்டச் செய்வது அந்த அழுத்தம்தான். "இன்று வேண்டாம் சார், நாளை காலை போகலாம்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்ல இப்போதே பழகுங்கள், பிள்ளைகளே. அதற்காக வேலை போனாலும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.